தாமல் ஏரியில் காட்டிய கற்பூரம்

நமது பினாங்குச் சபை மலருக்குக் காஞ்சிபுரம் போய்வந்ததைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கோயில்களைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதையெல்லாம் என்னைவிடப் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் போகாத எனக்கு, அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். அதில் அம்மன் கோயிலும் வரும். அதைவிட அதிகமாக ஒரு மோட்டார் கார் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது மகள் உமாவின் கல்யாணப் புடவைக்காக. என் மனைவி சிவகாமி பிறந்த வீடு பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. நெசவுக் குடும்பம். அங்கே இப்போது அவள் தம்பி மூர்த்தியும் அவன் மனைவி கனகாவும் இருக்கிறார்கள். கனகா தறியில் உட்காருகிறாள். மூர்த்தி வீட்டை ஒட்டியே ஒரு லேத்துப் பட்டறை வைத்துத் தறிகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களைக் கடைந்து கொடுக்கிறான். முப்பத்து நாலு வயது, பிள்ளைகள் இல்லை. ஆனால் ஒரு கார் இருக்கிறது. மூன்று உடைந்த கார்களிலிருந்து அவனே ஒன்றாகச் சேர்த்த பழைய பேபி கார். அதை ஓட்டி வேகத்தில் ஜெயிப்பதுதான் அவனுக்குப் பைத்தியம்.

புறப்படும்போது சிவகாமி சொன்னாள்: "புடவை தறியிலேருந்து எறங்கற வரைக்கும் கூட இருந்து வாங்கிட்டு வாங்க. அப்படியே தம்பிகிட்ட பக்குவமா பேசி, அந்தக் காரை விட்டுடச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு அது அவன் உயிரை வாங்கிடும்."

சரி என்றேன்.

ஆனால் அதற்கு முந்தின மாதமே மூர்த்தி என் ஆபீஸ் விலாசத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தான். இன்ன அளவில் ஒரு கார்ப்பரேட்டர் பினாங்கில் கிடைக்கும், இந்தியாவில் கிடைக்கவே கிடைக்காது, எப்படியாவது கொண்டு வாருங்கள் மாமா, அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று. அதற்கும் சரி என்று எழுதியிருந்தேன். கேட்பவர்களுக்கெல்லாம் சரி சொல்லிவிடுவது என் சுபாவம். அந்தச் சுபாவம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

சென்னைத் துறைமுகத்தில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்த அதிகாரி, வேட்டிக்குள் சுற்றியிருந்த கார்ப்பரேட்டரை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கார்ப்பரேட்டருங்க. பெட்ரோலையும் காத்தையும் கலந்து என்ஜினுக்குள்ள அனுப்பறது."

"கார் எங்கே?"

"காஞ்சிபுரத்துல."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"எனக்குச் சைக்கிளே வராதுங்க."

பெட்டியில் அதற்குப் பக்கத்திலேயே என் உருத்திராட்சமும் விபூதிப் பையும் தேவாரப் புத்தகமும் இருந்தன. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நீங்க சாமி கும்பிட வந்தவரா, ரேஸுக்கு வந்தவரா?" என்று சிரித்துவிட்டு, சாக்கட்டியால் பெட்டி மேல் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

காஞ்சிபுரத்துக்கு ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தது. டிரைவர் உள்ளே வந்து, "யாராவது தண்ணி வெச்சிருந்தா குடுங்கபா, ஊர் போய்ச் சேரலாம்" என்றார். எங்கள் பினாங்கில் பஸ் நின்றால் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். வேறு பஸ் வரும்வரை ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். இங்கே கூஜாவும் பாட்டிலும் முன்னால் நகர்ந்தன. நானும் என்னுடையதைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த விவசாயிக்கு மட்டும் மனசில்லை.

"வண்டி குடிக்கறதுக்குத் தண்ணி இருக்குது, நாம குடிக்கறதுக்கு இல்லபா" என்றார். பெயர் ஏழுமலையாம், ஊர் தாமல். "எங்க ஏரி எம்மாம் பெரிய ஏரி தெரியுமா? கடல் மாதிரி இருக்கும். ரெண்டு வருசமா மழை இல்லாம வெடிச்சுக் கெடக்குது. நாங்க மானத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கறோம். காஞ்சிபுரத்தானுங்க இன்னாடான்னா, ஏரி காஞ்சது நல்லதாப் போச்சுன்னு அதுக்குள்ள காரு ஓட்டிக்கினு கீறானுங்க. வெளங்குமா?"

நான் டிரங்குப் பெட்டியை இன்னும் கொஞ்சம் காலுக்குள் இழுத்துக்கொண்டு, "விளங்காது" என்றேன். அதுவும் ஒரு சரிதான்.

மறுநாள் காலை கனகா இட்லி கொடுத்தாள். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலையில் வேகவைத்த காஞ்சிபுரத்து இட்லி. பினாங்கில் சிவகாமி எத்தனையோ முறை செய்திருக்கிறாள். அங்கே மந்தாரை இலைக்குப் பதில் வாழையிலை. சுவை ஓரளவு வரும், வாசனை மட்டும் வராது. நான்கு சாப்பிட்டேன். தறியில் உமாவின் புடவை பாதி வளர்ந்திருந்தது. உடம்பு மாம்பழ மஞ்சள், கரை அரக்கு.

இரண்டு நிறத்தையும் பின்னிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் ஒரு பக்கம், எதிர்க்கரையின் நாடாவை, அதாவது நூல் சுற்றி ஓடும் கட்டையை, தள்ளிக் கொடுப்பவர் இன்னொரு பக்கம். கனகாவுக்குத் தள்ளிக் கொடுப்பவன் மூர்த்தி. தினமும் விடிந்ததும் நாலு மணி நேரம் தறியில் உட்கார்ந்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போவான்.

"காரப் பத்தி பேசினா பட்டறையில பேசட்டும் அண்ணா. தறிகிட்ட பேசினா நாடா தப்பிடும்னு சொல்லிட்டேன்" என்றாள் கனகா.

"அவன் கேட்கிறானா?"

"வாய மூடிக்கினு இருக்கறாரு. கால் மட்டும் பிரேக்க மிதிச்சிக்கினே இருக்குது."

குளித்துவிட்டுக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். கூட்டம் அதிகமில்லை. அம்மனை நன்றாக நின்று பார்த்தேன். உமாவுக்காக வேண்டிக்கொண்டேன். பிறகு சிவகாமி சொன்னது நினைவுக்கு வந்தது. மூர்த்தியிடம் நேரில் பேசும் தைரியம் எனக்கு இல்லை என்பது நேற்று அவன் கார்ப்பரேட்டரைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்தபோதே தெரிந்துபோயிற்று. பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினான். அதனால் அவனிடம் சொல்ல வேண்டியதை அம்மனிடம் சொன்னேன். "தாயே, இவன் இந்தக் காரை விட்டுவிட வேண்டும். எப்படியாவது விடவை" என்று கேட்டேன்.

எப்படியாவது என்ற வார்த்தையை நான் சேர்த்திருக்க வேண்டாம்.

அன்று பிற்பகல் பட்டறையில் அந்தக் கார்ப் பைத்தியக்காரர்கள் எல்லோரையும் பார்த்தேன். எல்லோரும் என்றால் மூன்று பேர்தான். மூர்த்தி, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் பாஷா பாய், பட்டுக்கடை நாயுடு. நாயுடு புதுக் கார் வைத்திருப்பவர், இவர்களுக்குப் போட்டிக்காரர், ஆனால் டீ குடிக்க வருவது இங்கேதான்.

போட்டியை எனக்கு நாயுடுதான் விளக்கினார். வரும் ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரிக்குள். சுண்ணாம்பு அடித்த டின்களை நட்டு வளைவு வளைவாகப் பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு காராகத்தான் ஓட வேண்டும். கடிகாரம் வைத்து நேரம் பார்ப்பார்கள். ஒரு டின்னைத் தொட்டால் ஐந்து விநாடி கூட்டிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டம்.

"மெட்ராஸ்லேருந்து மோட்டார் சங்கத்துக்காரர் ஒருத்தர் வர்றாரு. ரெண்டு நிமிஷத்துக்குள்ள யார் முடிக்கறானோ அவனுக்கு மெட்ராஸ்ல பெரிய ரேஸ்ல ஓட எடம். ஏமிரா மூர்த்தி, சொல்லலியா மாமாவுக்கு? இதுக்குத்தான் மூணு வருஷமா இவன் தூங்கறதில்ல."

மூர்த்தி ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எனக்கும் காட்டினான்.

"இது முந்தாநாள் பெட்ரோல்ல ஓட்டினது. மூக்கப் பாருங்க மாமா. காப்பிக்கொட்டை கலர்ல இருந்தா என்ஜின் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். கரி புடிச்சிருந்தா பெட்ரோல் அதிகம். இதப் பாருங்க, விபூதி மாதிரி வெளுத்திருக்குது. உள்ள வெந்துபோவுது."

"விபூதி நல்லதுதானேப்பா."

"நெத்தியில நல்லது மாமா. பிளக்குல கூடாது."

நாயுடு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இன்னா வெந்து இன்னா பிரயோஜனம்? உன் காரு வர்றதுக்கு முன்னாடி சத்தம் வந்து சேர்ந்துடுதுபா! தறியில ஓடற நாடா அதவிட வேகம்."

"நாடா திரும்பி வரும் நாயுடு. உன் காரு போன தடவ மாதிரி நேரா ஏரிக்கரைக்குத்தான் போவும்."

நாயுடு போனபிறகுதான் அசல் விஷயத்தைப் பேசினார்கள். என்ஜினின் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியிருந்தான் மூர்த்தி. அந்த அழுத்தத்தைப் பங்க் பெட்ரோல் தாங்கவில்லை. உள்ளே டிக்டிக்கென்று அடித்தது. அதனால் பாஷா பாய் சென்னையில் ஒரு வார்னிஷ் பட்டறையிலிருந்து இரண்டு டின் ஸ்பிரிட் கொண்டுவந்திருந்தார். மதுவிலக்குக் காலம். டின்களைச் சாக்கில் சுற்றி, மேலே வைக்கோலைத் திணித்துக் கொண்டுவந்தாராம்.

"போலீஸ்காரன் புடிச்சா, காருக்குக் குடுக்கறதுக்குன்னா நம்புவானா அய்யா? நாங்க குடிக்கறதுக்குன்னு நெனப்பான். இதக் குடிச்சா கண்ணு பூடும்" என்றார் பாய். "ஆனா என்ஜினுக்கு இது அமிர்தம். குளுகுளுன்னு எரியும். பெட்ரோலவிட ரெண்டு பங்கு குடிக்கும். அதுக்குத்தான் நீங்க கொண்டாந்த பெரிய கார்ப்பரேட்டர்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு கெட்ட குணம் இருக்குது. பகல் வெளிச்சத்துல எரிஞ்சா நெருப்பு கண்ணுக்கே தெரியாது. கிட்ட யாரும் பீடி சுருட்டு புடிக்கக் கூடாது" என்றார்.

"எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது பாய்" என்று பெருமையாகச் சொன்னேன். நெற்றியில் விபூதியோடு அதைச் சொன்னது இப்போதும் கண்முன் நிற்கிறது.

ஞாயிறு காலை வீட்டு வாசலில் காருக்கு முறைப்படி பூஜை செய்தோம். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியது நான். மூர்த்தி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கனகாவும் ஒற்றிக்கொண்டாள், காரின் முகத்தைப் பார்க்காமல். அப்போது காரில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டும் இல்லை. பெட்ரோலில்தான் தாமல் வரை போனோம்.

ஏரி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணுக்கெட்டிய வரை வெடித்த மண். அதில் வெள்ளை டின்கள் வரிசையாக நின்றன. பத்துப் பன்னிரண்டு கார்கள், கரைமேல் ஊர் ஜனம் முழுவதும். ஒரு பக்கம் ஓலைப்பந்தல் போட்டு மெட்ராஸ்காரர் உட்கார்ந்திருந்தார். மோர் விற்றது, வேர்க்கடலை விற்றது. கூட்டத்தில் ஏழுமலை என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அட, பஸ்ஸுல வந்த பினாங்குக்காரரே! வெளங்காதுன்னீங்களே, நீங்களுமா?"

"என் மச்சான் ஓட்டுகிறான்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

"எது, அந்த டப்பாவா?" என்றார். பிறகு மனசு கேட்காமல், "நல்லா ஓட்டட்டும். ஆனா மழைன்னு வந்தா நான் மழை கட்சிதான்" என்றார்.

முதல் ஓட்டம். பாஷா பாய் ஸ்பிரிட் ஊற்றி, வண்டியைத் தள்ளிக் கோட்டில் நிறுத்தினார். கொடி இறங்கியது.

எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் தனக்கென்று பிறந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். தறியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் இவன்தானா என்று இருந்தது. டின்னுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, புழுதியைச் சுழற்றிக்கொண்டு, இடம் வலம் இடம் வலம் என்று இழைபோலக் கோத்துக்கொண்டே போனான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு ஓடினேன். "தாயே! தாயே!" என்று கத்தினேன். பக்கத்தில் ஏழுமலையும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

கடைசி டின்னைப் பின்சக்கரம் லேசாகத் தொட்டுவிட்டது. டின் ஒரு ஆட்டம் ஆடி விழுந்தது. நேரம் ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி. டின்னுக்கு ஐந்து சேர்த்து இரண்டு நிமிஷம் மூன்று.

பந்தலில் இருந்த மெட்ராஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். நாயுடு ஓடிவந்து மூர்த்தியைக் கட்டிக்கொண்டு, "டேய், டின்ன மட்டும் தொடாதடா. எல்லாம் உன்னுதுதான்!" என்றார். அவருடைய இரண்டு ஓட்டமும் முடிந்திருந்தன, இரண்டிலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல். மூர்த்திக்கு இன்னும் ஒன்று பாக்கி. அரை மணி நேரம் இடைவேளை.

அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்கு அந்தப் பயம் வந்தது. நான் காமாட்சியிடம் கேட்டது இருக்கிறதே! இவன் காரை விட வேண்டும் என்று கேட்டுவிட்டேனே! கடைசி டின் ஏன் ஆடி விழுந்தது? என் வேண்டுதல்தான் தள்ளியது என்று தோன்றியது. படித்தவர்கள் சிரிக்கலாம். கேட்டவன் நான் ஆயிற்றே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்த மனுவைத் திரும்பப் பெற வேண்டும். கோயிலுக்கு ஓட நேரமில்லை. காலையில் எடுத்துவந்த பூஜைப் பை இருந்தது. ஏரிக்கரையில் காமாட்சி இருந்த திசையைப் பார்த்து நின்றேன். "தாயே, நான் தெரியாமல் கேட்டுவிட்டேன். அதைக் கொடுக்காதே. இவன் ஓடட்டும்" என்று சொன்னேன். தட்டில் கற்பூரத்தை ஏற்றி, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, காரை நோக்கி நடந்தேன்.

காரின் முன்மூடி திறந்திருந்தது. மூர்த்தி புனல் வைத்து ஸ்பிரிட் ஊற்றி முடித்து, டின்னை மூடித் தூரத்தில் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தான். அவசரத்தில் கையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தானோ இல்லையோ. அதெல்லாம் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது தட்டில் கற்பூரம் அணையாமல் இருக்கிறதா என்று மட்டும்தான்.

பாஷா பாய் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"மூர்த்தி, தொட்டுக் கும்பிடப்பா" என்று தட்டை நீட்டினேன்.

அவன் மனசு முழுக்கப் பாதையில் நின்ற டின்களில் இருந்திருக்கும். பெரியவர் தட்டை நீட்டினால் கை தானாகப் போகும் வீட்டில் வளர்ந்தவன். இரண்டு உள்ளங்கையையும் சுடருக்கு மேல் கவிழ்த்துக் காட்டிக் கண்ணுக்குக் கொண்டுபோனான். பாஷா பாய் பாய்ந்து வந்து அந்தக் கைகளைக் கீழே தட்டிவிட்டார். சாமி காரியத்தில் இப்படிச் செய்கிறாரே என்று ஒரு நொடி எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு மூர்த்தி கைகளை உதறினான். உதறிக்கொண்டே துள்ளினான். அலறினான். எங்கும் நெருப்பு இல்லை. நல்ல வெயில், காலி மண், ஒரு மனிதன் ஒன்றுமில்லாத காற்றை உதறிக்கொண்டு ஆடுகிறான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அருள் வந்துவிட்டது என்று தோன்றியது. அம்மன் வந்துவிட்டாள் என்று நான் தட்டை ஏந்தியபடி தலைவணங்கி நின்றேன்.

தோல் சுருங்குவதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பாய் ஈரச் சாக்கைப் போட்டு அவன் கைகளை மூடி, அவனைக் கீழே தள்ளி அதன்மேல் விழுந்தார். அதற்குள் சிதறிய சொட்டு எதிலோ பட்டு, காரின் முன்பக்கத்துப் பச்சை வர்ணம் தானாகக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அங்கேயும் நெருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ரப்பர் குழாய்கள் புகைந்தபிறகுதான் ஜனம் ஓடியது. ஏழுமலையும் ஊர்க்காரர்களும் ஏரி மண்ணை வாரி வாரி இறைத்தார்கள். என்னோடு கப்பலில் வந்த கார்ப்பரேட்டர் வளைந்து உருகி மண்ணோடு கிடந்தது.

நாயுடு தன் காரில் மூர்த்தியைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். டின்களுக்கு நடுவே வளையாமல், எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நேராக ஓட்டினார். அன்றைக்கு அவ்வளவு வேகமாக அந்த ஏரியில் யாரும் ஓட்டவில்லை.

இரண்டு கையிலும் கட்டுப் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை; பாய் தட்டிவிட்டதால் பிழைத்தது என்று டாக்டர் சொன்னார். விரல்கள் பழையபடி இறுக்கிப் பிடிக்குமா என்று கேட்டேன். "லேத்து வேலை செய்யலாம், மெதுவாக" என்றார். நான் அதைக் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

வராந்தாவில் பாஷா பாய் குந்தி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என் தப்பு அய்யா" என்றார். "நீங்க தட்ட எடுத்துக்கினு வர்றப்பவே பாத்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. சாமி தட்டு. நான் துலுக்கன். கிட்ட வராதீங்கன்னு சொன்னா தப்பா எடுத்துக்குவாங்களோன்னு ஒரு நிமிட் நின்னுட்டேன். ஒரே நிமிட் அய்யா."

"பீடி கூடாது என்றீர்களே பாய். நானும் காதில் வாங்கினேனே."

"பீடிய சொன்னேன். கற்பூரம்னு சொல்லலியே" என்று அழுதார்.

கனகா என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது மூர்த்தியிடம் ஒரே கேள்விதான்: "அண்ணா தட்ட நீட்டினா, கொஞ்சம் இருங்க மாமான்னு சொல்றதுக்கு வாய் இல்லியா உனக்கு?" அவன் சொன்னான்: "மாமா தட்ட நீட்டினா எப்பிடி ஒதுங்கறது கனகா?"

மூன்றாம் நாள் அவள் தறியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கரை நாடா சும்மா கிடந்தது. புடவை முடியாமல் நான் திரும்ப முடியாது, முகூர்த்தம் குறித்தாயிற்று. "வேறு ஆள் பார்க்கலாமா அம்மா?" என்றேன். "எல்லாரும் அவங்கவங்க தறியில இருக்கறாங்க. நீங்க குந்துங்க அண்ணா" என்றாள்.

மூர்த்தியின் இடத்தில் உட்கார்ந்தேன். கரைக்கு வேண்டிய நாடாவை அவள் சொல்லும்போது தள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இழை தளர்ந்தது, கரை பல்லிளித்தது. ஒரு முழம்வரை என் கை பழகவே இல்லை.

"அவரு கை எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடற கை அண்ணா" என்றாள் நெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல். நான் கண்ணைத் துடைத்தேன். "அழுவாதீங்க. பட்டுல ஈரம் பட்டா கறையாயிடும். ம், தள்ளுங்க."

தள்ளினேன். பன்னிரண்டு நாள் தள்ளினேன். அந்தப் பன்னிரண்டு நாளில் நான் கோயில் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது?

புறப்படும் நாள் மூர்த்தியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வெள்ளைக் கட்டுக்குள் கைகள் இரண்டு பொட்டலம்போல மடியில் இருந்தன. அவனே பேசினான்.

"ரெண்டாவது ஓட்டத்துல முடிச்சிருப்பேன் மாமா. உங்க கார்ப்பரேட்டர் அப்பிடி இழுத்துச்சு. மூணாவது கியர்ல போவும்போது, இன்னும் இருக்குது இன்னும் இருக்குதுன்னு வண்டி சொல்லுது."

"நான் பார்த்தேன்ப்பா."

"பாத்தீங்க இல்ல? அது போதும். அக்காகிட்ட காரு நின்னுடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எப்பிடின்னு சொல்லாதீங்க. பயந்துக்கும்."

அம்மனிடம் நான் முதலில் என்ன கேட்டேன் என்பதை அப்போது அவனிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பாஷா பாய்க்கு வந்ததுபோலவே வந்தது, நின்றது. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உமாவின் கல்யாணம் நன்றாக நடந்தது. மணையில் அவள் உட்கார்ந்தபோது கரையில் அந்த ஒரு முழம் அவள் முழங்காலுக்கு மேல் வந்து விழுந்தது. எல்லோரும் புடவையைப் புகழ்ந்தார்கள். அந்த இடம் என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. சிவகாமி, "எப்படியோ, தம்பி காரை விட்டானே, அம்மன் கண்ணைத் திறந்தா" என்றாள்.

ஐப்பசியில் கனகா எழுதிய கடிதம் வந்தது. மழை கொட்டித் தீர்த்து தாமல் ஏரி நிரம்பிவிட்டதாம். ஏழுமலை பட்டறை வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே வந்து மூர்த்தியை விசாரித்துவிட்டுப் போகிறாராம். கடைசியில் மூர்த்தி தானே இரண்டு வரி எழுதியிருந்தான், கோணல் கோணலாக: கட்டைப் பிரித்தாயிற்று, லேத்துப் பிடி வருகிறது, ஸ்டியரிங் வரவில்லை, மாமா கவலைப்பட வேண்டாம்.

அந்த வருஷம் எல்லோர் வேண்டுதலும் பலித்தது. ஏழுமலைக்கு மழை, உமாவுக்குக் கல்யாணம், சிவகாமிக்குத் தம்பி. நான் கேட்டதில் முதலில் கேட்டது பலித்தது, பிறகு கேட்டதற்கு நேரம் கடந்துவிட்டது. ஒன்றும் கேட்காதவன் மூர்த்தி ஒருவன்தான். அவன் வெறுமனே கையை நீட்டினான்.

மூர்த்தி, இந்த மலர் உனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நேரில் சொல்ல முடியாததை இப்படிச் சொல்கிறேன்.

இங்கே புதுக் கார் வாங்குகிறவர்கள் இன்னும் கற்பூரம் காட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை, போகிறேன். ஆனால் காரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுதான் தட்டை ஏற்றுகிறேன். கும்பிட வருகிறவர்களின் இரண்டு உள்ளங்கையையும் முதலில் என் கையில் வாங்கி, திருப்பி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சுடரை நீட்டுகிறேன். முதலில் விழித்தார்கள். இப்போது நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டுகிறார்கள். போன வாரம் நான் போகாத ஒரு வீட்டிலும் அப்படியே செய்ததாகக் கேள்விப்பட்டேன்.

"இது காஞ்சிபுரத்து முறைங்களா?" என்று அந்த வீட்டுக்காரர் பிறகு என்னைக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.